மலைப் பள்ளிக்கு உயரச் சலுகை கேட்கலாமா? – இணையவழிப் பள்ளித் தடகளம் பற்றி ஓர் இழை

ஜூலை 2 – கேள்வி (ஊட்டியிலிருந்து ஓர் ஆசிரியை)

எங்கள் பள்ளி இந்த வருடம் வெளிநாட்டுப் பள்ளிகள் சிலவற்றோடு இணையவழித் தடகளப் போட்டியில் சேர்ந்திருக்கிறது. யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. அவரவர் மைதானத்தில் ஓடி, தாண்டி, எறிந்து, கிடைத்த அளவைப் பொது அட்டவணையில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடற்கரைப் பள்ளிப் பிள்ளைகளையும் 2240 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்க ஓடும் எங்கள் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் வைப்பது எப்படி நியாயம்? உயரத்துக்கென்று சலுகை கேட்கலாமா? எவ்வளவு கேட்பது? கோத்தகிரிப் பக்கம் ஒரு பி.டி. சார் இதில் முன்பே கலந்துகொண்டதாகச் சொன்னார்கள். அவர் இங்கே இருந்தால் பதில் போடவும்.

ஜூலை 2, இரவு

நான்தான் அந்த பி.டி. சார். கேட்காதீர்கள் டீச்சர். கேட்டால் கையில் இருப்பதும் போகும்.

ஊட்டியின் உயரமும் மெக்சிகோ நகரத்தின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. 1968 ஒலிம்பிக் அங்கேதான் நடந்தது. ஆண்கள் 100, 200, 400 மீட்டர் மூன்றிலும் உலக சாதனை. ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் ஓடினார். நீளம் தாண்டுதலில் அதுவரை 8.35 மீட்டராக இருந்த சாதனையை பாப் பீமன் 8.90-க்குக் கொண்டுபோனார். காற்று மெலிந்தால் எதிர்ப்பு குறைகிறது. குறுந்தூரம் ஓடுகிறவனுக்கும் தாண்டுகிறவனுக்கும் அது லாபக் கணக்கு. மூச்சு முட்டுவதெல்லாம் நெடுந்தூரக்காரனுக்கு. அதே மெக்சிகோவில் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கிய கென்யாவின் நாஃப்டாலி டெமு எடுத்துக்கொண்டது 29 நிமிடம் 27.4 விநாடி. உலக சாதனை அப்போது 27 நிமிடம் 39.4. அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர் ரான் கிளார்க், சமவெளியிலிருந்து போனவர், ஓட்டம் முடிந்ததும் மயங்கி விழுந்தார்.

ஆகவே 800 மீட்டருக்கு நீங்கள் சலுகை கேட்டால், அட்டவணை நடத்துகிறவர் 100 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் உங்களிடம் பிடித்தம் செய்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் செய்வேன்.

ஜூலை 3, காலை

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு இன்னொன்று தோன்றியது. உலகத் தடகள அமைப்பே உயரத்துக்குக் கழிப்பதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. 1000 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் எடுத்த அளவுக்குப் பக்கத்தில் 'ஏ' என்று ஓர் எழுத்தை மட்டும் போடுகிறார்கள். சாதனை சாதனையாகவே நிற்கும். படிக்கிறவன் புரிந்துகொள்ள வேண்டியது. காற்றுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதுகுக்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனைப் பட்டியலில் ஏறாது. ஆனால் போட்டியின் முடிவு மாறாது. முதலில் வந்தவன் முதலில் வந்தவன்தான். பீமன் தாண்டியபோது காற்றுமானி காட்டியது சரியாக 2.0.

உங்கள் அட்டவணையிலும் 'கடல்மட்ட உயரம்' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஜூலை 3, மதியம்

கொடைக்கானல் நண்பருக்கு: உங்கள் ஊர் 2133 மீட்டர் அளவில், எங்கள் கோத்தகிரி 1790-ஐ ஒட்டி. சரி, இருக்கட்டும். ஆனால் 'மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கே மூச்சு வாங்காது' என்று நீங்கள் சொன்னதுதான் முக்கியமான பேச்சு. 1968-ல் 10,000 மீட்டரில் முதல் மூன்று பேர் கென்யா, எத்தியோப்பியா, துனிசியா. கென்யாவின் எல்டோரெட், இடென் எல்லாம் ஊட்டியை ஒட்டிய உயரம்தான். உலகத்தின் பாதி நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பயிற்சிக்கு அங்கே போகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் உயரச் சலுகை கேட்டால் சிரிப்பு வராதா?

ஜூலை 6

ஞாயிற்றுக்கிழமை, மழை, துணி காயவில்லை. ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

உயரத்தைப் பற்றி இத்தனை பேர் எழுதியாயிற்று. கடிகாரத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 100 மீட்டரில் 2240 மீட்டர் உயரம் தருகிற லாபம் பத்தில் ஒரு விநாடி அளவில்தான். ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற கை செய்கிற வேலை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை 60 மீட்டர் ஓடவிட்டு, கோட்டருகே பத்துப் பிள்ளைகளை நிறுத்தி, பத்துப் பேர் கையிலும் வாட்சோ போனோ கொடுத்தேன். ஒரே ஓட்டம், ஒரே கோடு. வந்த நேரங்களில் குறைந்தது 8.6, அதிகம் 9.3. ஒருத்தி ஓடியதற்கு முதல் பரிசும் கடைசி இடமும் சேர்ந்து கிடைத்த மாதிரி. இந்த லட்சணத்தில் நார்வேக்காரப் பிள்ளையைவிட நம் பிள்ளை 0.2 விநாடி முன்னால் என்று கைதட்டுவது, சந்தையில் ஆளுக்கொரு படி வைத்து அளந்துவிட்டு யாருக்கு நெல் அதிகம் என்று சண்டை போடுவதுதான்.

எங்கே கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலாவது, சத்தம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஓட்டத்தைத் தொடங்கிவைக்க இரண்டு பலகையைச் சேர்த்துத் தட்டுகிறோமே, அந்தக் கிளாப் அடிக்கிற இடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவன் காதுக்கு அது 0.29 விநாடி கழித்துத்தான் வந்து சேர்கிறது. சத்தம் கேட்டு வாட்சை அழுத்தினால் ஓடியவனுக்கு அத்தனையும் இலவசம். அதனால்தான் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்து என்கிறது விதி. நம்மிடம் துப்பாக்கி ஏது? கிளாப் பலகைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, கைகளை உயர்த்தி அடிக்கச் சொன்னால் தூரத்திலிருந்து பார்க்க முடியும். பலகை சேர்வதைப் பார்த்து அழுத்த வேண்டும்.

இரண்டாவது, முடிக்கிற கோட்டில் எதைப் பார்ப்பது? தலையை அல்ல, நீட்டிய கையை அல்ல. மார்பும் வயிறும் சேர்ந்த நடு உடம்பு கோட்டைத் தொடுவதை. பிள்ளைகளில் பாதிப் பேர் கால் பட்டதும் அழுத்துகிறார்கள். இன்னும் சிலர் சிநேகிதி கோட்டை நெருங்கும்போதே அழுத்திவிடுகிறார்கள். அது பாசம்.

மூன்றாவது, வாட்ச் காட்டுகிற நூறில் ஒரு பங்கை அப்படியே அட்டவணையில் ஏற்றுவது. கையால் எடுத்த நேரத்துக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. 8.71 என்று காட்டினால் 8.8 என்றுதான் எழுத வேண்டும், எப்போதும் மேல்நோக்கி. மூன்று வாட்சில் இரண்டு ஒத்துப்போனால் அது; மூன்றும் வேறுவேறாக இருந்தால் நடுவில் உள்ளது. 100, 200 மீட்டரில் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டிப் பார்ப்பது வழக்கம். 400 மீட்டர் வரைக்குமான உலக சாதனைகளுக்கு 1977-லிருந்து கை நேரத்தையே ஏற்பதில்லை. பெரியவர்களே கைவிட்ட முறையை வைத்துத்தான் நாம் உலகப் போட்டி நடத்துகிறோம்.

ஜூலை 6, மாலை

மேலே 'கிளாப் பலகையைப் பார்த்து அழுத்து' என்று எழுதியிருக்கிறேன். கோத்தகிரிக்காரர்கள் சிரித்திருப்பீர்கள். மூடுபனி இறங்கினால் 60 மீட்டருக்கு அந்தப் பக்கம் கிளாப் அடிக்கிறவர் இருக்கிறாரா, வீட்டுக்குப் போய்விட்டாரா என்றே தெரியாது. சத்தம் மட்டும்தான் வரும். அதற்கு எங்கள் பள்ளியில் கண்டுபிடித்த வழி இது. முடிக்கிற கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் போனை ஒரு கல்மேல் அசையாமல் வைத்து வீடியோ ஓடவிடுகிறோம். கிளாப் சத்தம் அதிலேயே பதிவாகும், கோட்டைத் தாண்டுவதும் பதிவாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை எடுத்து, சத்தம் வந்து சேர்ந்த தாமதத்தைக் கூட்டினால் முடிந்தது. 60 மீட்டருக்கு 0.18. சாதாரண போன் விநாடிக்கு 30 படம் எடுக்கிறது, ஆகவே பிழை விநாடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் அடங்கும். பத்துப் பிள்ளைகள் கொடுத்த 0.7 விநாடி இடைவெளியோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்.

பனிக்காக யோசித்தது, இப்போது வெயில் நாளிலும் அதுதான் எங்கள் முறை.

ஜூலை 7

இயற்பியல் சார் ஒருவர் கேட்கிறார்: 'மலையில் காற்று மெலிது, அங்கே ஒலி மெதுவாகப் போகுமே, 0.18 எப்படிச் சரி?' இல்லை சார். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. அழுத்தம் குறைந்தால் அடர்த்தியும் சேர்ந்து குறைவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். 15 டிகிரியில் 340 மீட்டர், 30 டிகிரியில் 349. எங்கள் பிள்ளைகளுக்கும் ராமேஸ்வரத்துப் பிள்ளைகளுக்கும் 60 மீட்டரில் நூறில் ஒரு விநாடிகூட வித்தியாசம் வராது. நான் டிகிரி வாங்கியது உடற்கல்வியில். உங்களுக்குப் பாடம் எடுக்க நேர்ந்தது விதி.

ஜூலை 11

60 மீட்டர் எதற்கு, 100 ஏன் இல்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இடம் இல்லை. மலையில் மைதானம் என்பது சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி மட்டம் செய்தது. வெட்டிய பக்கம் கல் மாதிரி நிற்கும். கொட்டிய பக்கம் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எங்கள் பள்ளியில் நேர்கோடாக 70 மீட்டர் கிடைப்பதே அதிசயம். அதற்கு அந்தப் பக்கம் தேயிலை, அப்புறம் பள்ளம். 100 மீட்டர் ஓடினால் பிள்ளையைத் தேயிலைக்குள் தேட வேண்டிவரும்.

இந்த இறக்கம்தான் எனக்கு உயரத்தைவிடப் பெரிய கவலை. ஓடுகிற திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது என்பது விதி. 60 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர். கண்ணுக்கு எங்கள் மைதானம் மட்டமாகத்தான் தெரிந்தது. பள்ளிக் கழிப்பறைக்குத் தளம் போட வந்த மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் டியூப் லெவலை எடுத்து வந்தார். ஒன்றுமில்லை, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி நிறக் குழாய். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், நடுவில் நிலம் எப்படி வளைந்தாலும் சரி. குழாய்க்குள் காற்றுக்குமிழ் நின்றால் மட்டம் பொய் சொல்லும் என்று முதலில் அதை விரலால் தட்டித்தட்டி வெளியேற்றினார். எட்டாம் வகுப்பில் ஒரு பெண், ஓட்டத்துக்கே வராதவள், அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். குழாய் சின்னது என்பதால் கம்பு நட்டு நட்டு நகர வேண்டியிருந்தது. ஒவ்வொரு கம்பிலும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மொத்தம் 38 சென்டிமீட்டர் இறக்கம். 'அப்போ நாங்க ஓடுறதே மோசடியா சார்?' என்றாள்.

பிறகு மேஸ்திரிதான் யோசனை சொன்னார், மைதானத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஓடவிடுங்கள் என்று. அதில் 9 சென்டிமீட்டர். இன்னும் விதிக்கு மேல்தான். அட்டவணையில் அதைக் குறித்தோம்.

ஜூலை 12

ரசமட்டம் போதாதா என்று கேட்டவருக்கு: செங்கல் வரிசைக்குப் போதும். 60 மீட்டருக்குப் போதாது.

ஜூலை 19

'இணையத்தில் ஓட்டப்பந்தயமா, இதெல்லாம் கொரோனா காலத்து வேடிக்கை' என்கிறார் ஒருவர். பள்ளிகளைக் கணினி வழியாகக் கோப்பது பழைய சங்கதி. ஐஏர்ன் என்கிற பன்னாட்டுப் பள்ளி வலையமைப்பு 1988-லேயே தொடங்கியது. நார்வேயில் கிட்லிங்க் 1990-ல் வந்தது, மின்னஞ்சலில் பல நாட்டுப் பிள்ளைகள் பேசிக்கொள்வதற்கு. நம் ஊரில் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்ற காலம் அது.

ஆனால் 2020-ஐ அவர் இழுத்ததும் நல்லதுக்குத்தான். பெரிய பெரிய வீரர்கள் நம் பிள்ளைகளைப் போல அவரவர் இடத்தில் ஓடிய வருடம் அது. மே மாதம் டுப்ளாண்டிஸ், லாவிலெனி, கென்ட்ரிக்ஸ் மூவரும் கோலூன்றித் தாண்டும் போட்டியைத் தங்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் நடத்தினார்கள். 5 மீட்டர் உயரத்தை அரை மணி நேரத்தில் யார் அதிக தடவை தாண்டுவது என்பது கணக்கு. முதல் இருவரும் 36 தடவை, கென்ட்ரிக்ஸ் 26. நேரத்துக்குப் பதில் எண்ணிக்கையை வைத்தார்கள் பாருங்கள், அது புத்திசாலித்தனம். எண்ணிக்கையில் வாட்ச் பிழை கிடையாது.

ஜூன் மாதம் ஆஸ்லோவில் ஓர் அணியும் நைரோபியில் ஓர் அணியும் ஒரே சமயத்தில் 2000 மீட்டர் ஓடின. ஆஸ்லோவில் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் 4 நிமிடம் 50.01, ஐரோப்பிய சாதனை. நைரோபியில் மழை, உயரம் கிட்டத்தட்ட 1795 மீட்டர், கென்ய அணி 5 நிமிடத்தைத் தாண்டியது. நைரோபியும் கோத்தகிரியும் ஒரே உயரம் என்பதை அன்றுதான் கவனித்தேன். மழையும் அப்படியே நம் மழை. யாரும் சலுகை கேட்கவில்லை. ஒரு வரி எழுதினார்கள்: இங்கே இப்படி, அங்கே அப்படி.

ஜூலை மாதம் நடந்ததுதான் உச்சம். ஜூரிக் நகரம் மையம், வீரர்கள் பல நாடுகளில். நோவா லைல்ஸ் ஃபுளோரிடாவில் 200 மீட்டரை 18.90 விநாடியில் ஓடி முடித்தார். உசைன் போல்ட்டின் உலக சாதனையே 19.19! வர்ணனையாளர்கள் வாயடைத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, அவரைத் தவறான கோட்டில் நிறுத்திவிட்டார்கள், ஓடியது 185 மீட்டர்தான்.

உலகத்தின் முதல்தர ஏற்பாட்டாளர்களே 15 மீட்டரை விழுங்கிவிட்டார்கள் என்றால், டேப்பை நாம் எத்தனை தடவை சரிபார்க்க வேண்டும்?

ஜூலை 20

'லைல்ஸ் கோத்தகிரியில் ஓடியிருந்தால் மிச்சம் 15 மீட்டர் தேயிலைக்குள் இருந்திருக்கும்' என்று எழுதியவர் யார்? எங்கள் ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டினேன்.

ஜூலை 27

ஊட்டி டீச்சர் தனிச்செய்தியில் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். எல்லாப் பள்ளியும் ஒரே நாளில் ஓடட்டும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நார்வேப் பள்ளிகள் ஜூன் கடைசியில் மூடினால் ஆகஸ்ட் நடுவில்தான் திறக்கும். சிலியில் ஜூலை குளிர்காலம், அதற்கு ஒரு விடுமுறை. நமக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் போய்விடும். ஆகஸ்டில் அக்கம்பக்கப் பள்ளிகளுக்குள் நடக்கிற குறுவட்டப் போட்டி, அப்புறம் காலாண்டுத் தேர்வு, அப்புறம் வடகிழக்குப் பருவமழை. கோத்தகிரியில் அந்த மழைதான் பெரிய மழை. எல்லோருக்கும் ஒத்துவரும் நாள் என்று ஒன்று கிடையாது. ஆறு வாரம் அவகாசம் கொடுத்து, அதற்குள் என்றைக்கு ஓடினாலும் சரி என்பதுதான் நடக்கிற காரியம்.

நேரலையில் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். நைரோபிக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், சுலபம். கோடைக்கால நார்வேக்கு மூன்றரை. சிலியில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்குப் போகிற பஸ் அதற்குள் போய்விட்டிருக்கும். சிலிக்குப் பதிவு செய்த வீடியோதான். 'விங்ஸ் ஃபார் லைஃப்' ஓட்டம் 2014-லிருந்து உலகம் முழுக்க ஒரே நொடியில் புறப்படுகிறது. இந்தியாவில் அது மாலை நாலரை. அதில் ஓடுகிறவர்கள் பெரியவர்கள், அவர்களுக்குக் கடைசி பஸ் பிரச்சினை இல்லை.

நைரோபிப் பிள்ளைகளோடு பேசிய அன்று நடந்தது இது. திரையில் எல்லோரும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் ஸ்வெட்டர். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நம் பிள்ளைகள் ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்திருந்தார்கள், அவர்கள் இந்தியா என்றால் வெயில் என்று. நைரோபியில் ஜூலைதான் குளிர், மேகம் மூடியே கிடக்கும். அதற்கப்புறம் பேச்சு ஓட்டத்தைப் பற்றி இல்லவே இல்லை. யார் வீட்டில் காலையில் என்ன குடிப்பார்கள் என்று போனது. இரண்டு ஊரிலும் டீ. இரண்டு ஊரிலும் பக்கத்திலேயே தோட்டம்.

ஆகஸ்ட் 4

முதலில் 'உயரம் என்று ஒரு கட்டம் போதும்' என்று எழுதியிருந்தேன். இப்போது அது போதாது என்று தோன்றுகிறது. 'குறிப்பு' என்று ஓர் அகலமான கட்டம் வேண்டும், அதைப் பிள்ளைகளே எழுத வேண்டும்.

டியூப் லெவல் பிடித்த பெண்ணைச் சொன்னேன் அல்லவா, அவளை அந்தக் கட்டத்துக்குப் பொறுப்பாக்கினேன். பந்து எறிதல் நடந்த அன்று மைதானத்தின் மேல்வரப்பில் காட்டெருமைகள் இறங்கிவிட்டன, கன்றோடு. கன்று இருந்தால் பக்கத்தில் போகக் கூடாது என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் வகுப்பறை வராண்டாவில் ஏறி நின்றோம். அவை அவசரமே இல்லாமல் மேய்ந்தன. ஒன்று எங்கள் எறிகோட்டுக்கு மேலேயே படுத்து அசைபோட்டது. அவள் அட்டவணையில் எழுதியது: 'எறிகோட்டில் காட்டெருமை. 40 நிமிடம் நிறுத்தம். பிறகு மழை. பந்து ஈரம். மூன்றாவது முயற்சி எறியவில்லை.'

ஒரு வாரத்தில் நார்வேயிலிருந்து கேள்வி வந்தது: காட்டெருமை நின்றால் எறிந்த தூரம் செல்லுமா, உங்கள் விதியில் என்ன இருக்கிறது? அவர்கள் பள்ளிக்குப் பின்னால் மூஸ் என்கிற பெரிய மான் வருமாம், அவர்களுக்கும் விதி வேண்டுமாம். சிலிக்காரர்கள் கடற்காற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். அதுவரை வெறும் எண்ணாக இருந்த கட்டங்களை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. தன் பெயர் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். குறிப்புக் கட்டத்தை மட்டும் அடுத்த நாடு என்ன எழுதியிருக்கிறது என்று மேலிருந்து கீழ்வரை வாசிக்கிறார்கள்.

அதனால் என் கட்சி இப்போது இது: தரவரிசை எண்ணை எடுத்துவிடலாம். நேரம் இருக்கட்டும், தூரம் இருக்கட்டும், குறிப்பு இருக்கட்டும். யார் முதல் என்பதை வேண்டுமானால் அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 5

நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டீர்கள். 'தரவரிசை இல்லாவிட்டால் பிள்ளை எதற்கு ஓடும்?' நியாயமான கேள்வி. நான் தடகளக்காரன், ஜெயிப்பதை வெறுக்கிறவன் அல்ல. ஆனால் ஜெயிப்பதற்குக் குறுவட்டம் இருக்கிறது, மாவட்டம் இருக்கிறது, பாரதியார் தின விளையாட்டு இருக்கிறது. அங்கே எல்லோரும் ஒரே தரையில், ஒரே கிளாப்புக்கு ஓடுகிறார்கள். அங்கே முதல் இடத்துக்கு அர்த்தம் உண்டு. ஐந்து நாட்டில் ஐந்து தரையில் ஐந்து வாட்சில் எடுத்ததற்கு நான்காம் இடம் என்று சொல்லி ஒரு பிள்ளையை அழவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருத்தி அழுதாள், அதனால் சொல்கிறேன்.

வேண்டுமானால் பிள்ளையின் முதல் அளவையும் ஆறு வாரம் கழித்து எடுத்த அளவையும் போட்டு, கூடுதல் எவ்வளவு என்று பாருங்கள். ஒரே மைதானம், ஒரே டேப், ஒரே போன். சரிவும் உயரமும் இரண்டு பக்கத்திலும் அடிபட்டுப்போகும். இதிலும் ஏமாற்றலாம், முதல் தடவை மெதுவாக ஓடினால் போதும். அதை என் வகுப்பில் ஒருவன் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டான்.

ஆகஸ்ட் 5, இரவு

நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல் – இதை யாரும் விட்டுவிடாதீர்கள். மைதானமே இல்லாத பள்ளியும் நடத்தலாம். வாட்ச் வேண்டாம், காற்று பார்க்க வேண்டாம். 1900-லிருந்து 1912 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்தது. ரே யூரி 1904-ல் 3.47 மீட்டர் தாண்டினார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து நடக்கவே சிரமப்பட்டவர். குதிகாலின் பின்விளிம்பு பட்ட இடத்திலிருந்து அளக்க வேண்டும். பின்னால் கை ஊன்றினால் கை பட்ட இடம்தான் கணக்கு.

ஆகஸ்ட் 16

வயது விஷயம். வகுப்பை வைத்துப் பிரிக்காதீர்கள். நார்வேயில் காலண்டர் வருடப்படி பள்ளியில் சேர்க்கிறார்கள், நமக்கு வேறு மாதிரி. பிறந்த வருடம் ஒன்றுதான் எல்லோருக்கும் பொருந்தும். நம் பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிப்பதால் அந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்கும் பழக்கம்தான். என் தலைமுறையாக இருந்திருந்தால் வேறு கதை. எங்களில் பாதிப் பேருக்குப் பிறந்தநாளை வைத்ததே தலைமையாசிரியர்.

பெயரும் படமும் பொது அட்டவணையில் வேண்டாம். ஐரோப்பியப் பள்ளிகள் எப்படியும் அனுப்ப மாட்டார்கள், எண் மட்டும்தான் தருவார்கள். நம் நாட்டிலும் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். முடிக்கிற கோட்டு வீடியோவை நேரம் எடுத்ததும் அழித்துவிடுகிறோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் 'பேப்பர்ல போட்டோ வராதா சார்' என்று கேட்டது தனி.

ஆகஸ்ட் 23

ஊட்டி டீச்சரின் முதல் அட்டவணையைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, குறிப்புக் கட்டமும் சேர்த்திருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று. எட்டாம் வகுப்புப் பெண், 60 மீட்டர், 7.4 விநாடி.

டீச்சர், பெண்கள் 60 மீட்டரில் உலக சாதனையே 6.92, ஐரினா பிரிவலோவாவுடையது, 1993-லிருந்து அசையாமல் நிற்கிறது. பதின்மூன்று வயதில் 7.4 என்றால் நான் இன்றைக்கே பஸ் ஏறி வந்து அந்தப் பிள்ளையைப் பார்ப்பேன். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். அன்றைக்கு மூடுபனி என்று குறிப்பில் இருக்கிறது. வாட்ச் பிடித்தவர் சத்தம் கேட்டு அழுத்தினாரா? அப்படியென்றால் 0.18 கூட்டுங்கள். இரண்டாவது, டேப். பள்ளி டேப்புகளில் முதல் மீட்டர் கிழிந்துபோய், 1 என்ற இடத்தில் பிடித்து அளப்பது நம் எல்லா ஊரிலும் உண்டு. மறுமுனையில் 31-ல் நிறுத்த டேப்பில் இடமில்லாமல் 30-லேயே கோடு போட்டிருந்தால் ஒரு தடவைக்கு 29 மீட்டர், இரண்டு தடவைக்கு 58. அந்த வயதுப் பிள்ளைக்கு 2 மீட்டர் ஓட கால் விநாடிக்கு மேல் ஆகும். இரண்டையும் கூட்டினால் 7.9 பக்கம் வருகிறது. மலைமேல், ஈரத் தரையில், 7.9 ஓடுகிற எட்டாம் வகுப்புப் பிள்ளை உண்மையிலேயே நல்ல ஓட்டக்காரிதான், குறுவட்டத்துக்குப் பெயர் கொடுங்கள்.

டேப்பின் முனையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கிழிந்திருந்தால் தைக்க வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கச் சொல்லுங்கள். இரும்பு டேப் கிடைத்தால் நல்லது. துணி டேப் நனைந்தால் இழுத்த இழுப்புக்கு வரும்.